பிரிக்காத பொட்டலம்

ஸ்ரீரங்கம்
18.8.2024

அன்புள்ள அண்ணிக்கு ராசாத்தி எழுதுவது.

நாங்கள் நல்லா இருக்கிறோம் என்று எழுதப் போய், பேனாவை நிறுத்திவிட்டேன். இருக்கிறோம். உங்கள் முட்டிவலிக்கு அந்தப் பச்சை எண்ணெய் கேட்கிறதா? காது மெஷினை மாட்டிக்கொள்கிறீர்களா, இல்லை பழையபடி அரிசி டப்பாவுக்குள்தானா?

விஷயம் உங்கள் தம்பியைப் பற்றியது. வாட்ஸ்அப்பில் போட்டால் உங்கள் மருமகள் போனுக்குத்தான் வரும், அப்புறம் வையம்பட்டி முழுக்கப் படித்துவிடும். அதனால்தான் தபால்.

ஆடி வெள்ளி வியாபாரத்தில் அவர் கடையில் நிற்க முடியாமல் அடிக்கடி பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். சம்பங்கியை எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே தராசை அப்படியே விட்டுவிட்டுப் போவார். வாங்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்து நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை இல்லை. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது வீங்கியிருக்கிறது, இந்த வயதில் நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார். ஆனால் அதற்கென்று எடுக்கிற ரத்த டெஸ்டில் அளவு கூடுதலாக இருக்கிறது. கிருமியாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்து, கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அளவு இறங்கவில்லை. இனி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

"என்னங்க, பயமா இருக்கா?" என்று கேட்டேன். "பயமா? மல்லி வெலை எறங்கினாத்தான் எனக்குப் பயம்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மல்லி என்ன விலை என்று அவருக்கே தெரியவில்லை, பக்கத்துக் கடையில் கேட்டார்.

நம் பெண் இளவேனிலுக்குச் சொல்லவில்லை. ஓசூரில் பிள்ளை மாசமாக இருக்கிறாள், அவள் மனசைக் கலைக்க வேண்டாம். உங்களுக்காவது சொல்லிவிட்டேன் என்கிற தைரியத்தில் இருக்கிறேன்.

உங்கள்
ராசாத்தி


வையம்பட்டி
27.8.2024

அன்பு ராசாத்திக்கு,

உன் கடிதம் வந்தது. மெஷின் அரிசி டப்பாவில்தான் இருக்கிறது. மாட்டினால் விசில் அடிக்கிறது, மாட்டாவிட்டால் நிம்மதியாக இருக்கிறது. முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது.

அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாயே, அதுவே பெரிய காரியம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டவன் அவன். ஊசி போடுகிற அம்மா சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் கிளம்பிப் போன பிறகுதான் இறங்கினான். இன்றைக்கும் அதே ஆள்தான், மரம்தான் இல்லை.

ஸ்கேனுக்கு நீயும் கூடவே போ. டாக்டர் சொல்வதை நீயும் காதில் வாங்கிக்கொள். அவன் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிடுவான்.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டாரா? கேட்டதற்கு அவன் என்ன சொன்னான்? சரி, முதலில் ஸ்கேன் வரட்டும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இளவேனிலை மாங்காய் நிறையச் சாப்பிட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்
மலர்க்கொடி


ஸ்ரீரங்கம்
22.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆசீர்வாதத்தில் நலம். மாமா இருமல் தேவலையா? புரட்டாசி சனிக்கிழமைக்குத் துளசி கட்ட ஆள் போதவில்லை, அவ்வளவு கிராக்கி. கை ஒழியாத நேரத்தில் எழுதுகிறேன்.

ராசாத்தி உனக்கு எல்லாம் எழுதிவிட்டாள் என்று தெரியும். ஸ்கேன் வந்துவிட்டது. ஐந்துக்கு மூன்று. சிரிக்காதே, அவர்கள் அப்படித்தான் மார்க் போடுகிறார்கள். ஒன்று, இரண்டு வந்தால் கவலையில்லை. நாலு, ஐந்து வந்தால் கவலை. மூன்று என்றால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் நான் இவ்வளவு மார்க் வாங்கியதே இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ராசாத்தி சிரிக்கவில்லை.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஊசி விட்டு அந்த இடத்திலிருந்து துளித்துளியாகச் சதை எடுத்துச் சோதிப்பது. பயாப்ஸி என்கிறார்கள். இன்னொன்று, சில மாதம் பொறுத்து மறுபடி ரத்தம் பார்ப்பது. இரண்டுமே தப்பில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் அங்கேயே சொல்லிவிட்டேன். கட்டியில் ஊசியால் குத்தினால் பரவிவிடும் என்று மார்க்கெட்டில் எல்லாருமே சொல்கிறார்கள். அப்படியெல்லாம் பரவாது என்கிறார் டாக்டர். அவர் டாக்டர், அப்படித்தான் சொல்வார். மார்கழி வேறு வருகிறது. வைகுண்ட ஏகாதசி முடியும்வரை ஒரு பூக்கடைக்காரன் படுத்துக்கொள்ள முடியுமா?

ராசாத்தி முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. சாமிக்குப் போகிற பூவில் மூச்சுக் காற்றுகூடப் படக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மாலை கட்டுகிறவள் அவள். இப்போதெல்லாம் என் பக்கமும் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீயாவது அவளுக்கு நல்ல வார்த்தை எழுது.

உன் தம்பி
பிச்சமுத்து


வையம்பட்டி
5.10.2024

தம்பி பிச்சமுத்துவுக்கு,

மாமாவுக்கு இருமல் தேவலை. இதை உட்கார்ந்து படி, கடையில் நின்றுகொண்டு படிக்காதே.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று டாக்டரிடம் நீ சொல்லியிருப்பாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பா நீரடைப்பில் போனார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவருடைய கடைசி வருஷம் நீ இங்கே இல்லை. மாமன் பூக்கடையில் வேலை கற்றுக்கொள்ள ஸ்ரீரங்கத்தில் விட்டிருந்தார்கள். காரியத்துக்குத்தான் உன்னைக் கூட்டி வந்தார்கள்.

நான் இருந்தேன். நீர் அடைத்தது அப்புறம்தான். அதற்கு வெகு முன்னாலேயே அவருக்கு இடுப்பு எலும்பில் வலி வந்துவிட்டது. அரளித் தோட்டத்தில் குனிய முடியாது, உட்கார முடியாது, வரப்பில் நின்றுகொண்டே சாப்பிடுவார். திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, எலும்புவரைக்கும் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னார்கள். எலும்பு வரைக்கும் எது போனது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இப்போது நீ எழுதியதைப் படிக்கும்போது எனக்குப் புரிகிறது.

அவர் ஒரு நாள்கூட முனகியதில்லை. ஊரே அதைப் பெருமையாகச் சொல்லும். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம்டா. அவர் முனகியிருந்தால் யாராவது முன்னாலேயே வண்டி கட்டியிருப்பார்கள்.

இதை அப்படியே டாக்டரிடம் சொல். சொல்லிவிட்டு அப்புறம் முடிவு செய். மார்கழி வருஷா வருஷம் வரும்.

உன் அக்கா
மலர்க்கொடி


ஸ்ரீரங்கம்
28.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளிக்கு முறுக்குச் சுட்டாகிவிட்டது. உங்களுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பல்லுக்குத் தகுந்த மாதிரி மெதுவாக. அண்ணனுக்கு இருமல் விட்டதா?

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அவர் பூ வாங்கப் போகவில்லை. படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். பிறகு அப்பா வரப்பில் நின்று சாப்பிட்டது பற்றி மட்டும் என்னிடம் சொன்னார். "நிக்க வெச்சே சாப்பாடு போட்டிருக்காங்க ராசாத்தி" என்று இரண்டு தடவை சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் கண்ணில் தண்ணீரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

டாக்டரிடம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அப்பா கதையைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். இனி பொறுத்துப் பாக்குறத விட எடுத்துப் பாத்துடுறதுதான் நல்லது" என்றார். குத்தினால் பரவுமா என்று நானும் கேட்டேன். பரவாது, காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு முன்கூட்டியே மருந்து உண்டு என்று பொறுமையாகச் சொன்னார்.

வெளியே வந்து மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். இவர் மெதுவாகச் சொல்கிறார், "சமயபுரத்துல பூக் கேட்டுடலாம். ஆத்தா போன்னா போறேன். வேணாம்னா விட்டுடு."

நான் சரி என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும் அண்ணி? நம் இளவேனில் கல்யாணத்துக்கும் அங்கேதானே கேட்டோம். சிவப்பு வந்தால் போக வேண்டும். வெள்ளை வந்தால் போக வேண்டாம். ஆத்தா என்ன நினைக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

உங்கள்
ராசாத்தி


ஸ்ரீரங்கம்
12.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஆத்தாவைத்தான் வேண்டிக்கொள்கிறேன். வேண்டுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சமயபுரம் போனோம். பொட்டலம் கட்டுவது என் வேலை. அவர் குளிக்கப் போயிருந்தார். செவ்வரளி மொட்டும் நந்தியாவட்டையும் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு வாழையிலைத் துண்டு, இரண்டு நார். முதலில் செவ்வரளியைக் கட்டினேன். அப்புறம் நந்தியாவட்டைக்குக் கை போனது, வரப்பில் நின்று சாப்பிடுகிற மாமனார் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. இரண்டாவது இலையிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டிவிட்டேன்.

ஆமாம் அண்ணி. இரண்டிலும் சிவப்புதான்.

வாசனைப் பூவாக இருந்தால் பூக்கடைக்காரர் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே அவ்வளவாக வாசனை வராத பூவாகத் தேடி எடுத்திருந்தேன். ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே என் மனசில் இது இருந்ததோ என்னவோ.

கொடிமரத்துக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக் கும்பிட்டோம். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அது ஒன்றை எடுத்தது. பிரித்தோம். சிவப்பு. இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கண்ணைத் திறக்கவே இல்லை.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது முறை. அதை நான் எடுக்கப் போனேன், அதற்குள் அவர் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தார். எங்கே பிரித்துவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, பிரிக்கவில்லை. கொள்ளிடம் பாலத்தில் ஜன்னல் வழியாகத் தண்ணீரில் போட்டார். போட்டுவிட்டு, "எப்ப வரலாம்னு டாக்டருக்குப் போன் பண்ணு" என்றார்.

டிசம்பர் முதல் வாரம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆத்தா சன்னிதியிலேயே அவளை ஏமாற்றியிருக்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் அது என் கையால்தானே ஆகும்? அவள் மன்னித்தாள் என்று தெரிகிறவரை தலையில் பூ வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ராசாத்தி


வையம்பட்டி
20.11.2024

அன்பு ராசாத்திக்கு,

உன் கடிதம் அடுப்பில் போய்விட்டது. தபாலாபீசில் இருந்தவள் நான், மற்றவர் ரகசியம் எனக்குப் பழக்கமானதுதான்.

என்ன துணிச்சல்டி உனக்கு! சாமிப் பூவை முகர்ந்து பார்க்கக்கூடப் பயப்படுகிறவள், சாமியிடமே போய் இப்படிச் செய்திருக்கிறாய் என்றால் என் தம்பி உனக்கு எவ்வளவு வேண்டியவன் என்று புரிகிறது. நான் அவனுக்கு அக்கா. எனக்கு இது தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

ஆத்தாவுக்கு வேலை நிறைய இருக்கிறது. அவள் உன் மேல் கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். பூ வைக்காமல் இருக்கிற கூத்தை மட்டும் உடனே நிறுத்து. சுமங்கலிப் பெண், அதுவும் பூக்கடைக்காரன் பெண்டாட்டி, வெறுந்தலையாகக் கடையில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவன் என்ன நினைப்பான்?

டெஸ்ட் முடிந்ததும் எழுது. கஞ்சி வைத்துக் கொடு.

அன்புடன்
மலர்க்கொடி


ஸ்ரீரங்கம்
9.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் நீயும் பிள்ளைகளும் சுகமா? நான் வீட்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தப் பொழுதில் வீட்டு உத்திரத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! ஒட்டடை அடிக்க வேண்டும்.

டெஸ்ட் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் மரத்துப் போக ஊசி போட்டார்கள். அப்புறம் டப் டப் என்று சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் விரலால் சுண்டின மாதிரி இருந்தது. வலி என்று சொல்ல மாட்டேன், கூச்சம்தான் அதிகம். செல்வமேரி என்று ஒரு நர்ஸம்மா, "என்ன பூ இப்ப நல்ல வெலைங்க ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஜாதிமல்லி விலையைச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு நாள் நீரில் ரத்தம் வந்தது, நின்றுவிட்டது. காய்ச்சல் இல்லை. ஒரு வாரம் கூடை தூக்கக் கூடாதாம். பதில் வர நாளாகும்.

அக்கா, இனி எழுதுவது உனக்கு மட்டும்.

சமயபுரத்தில் பூக் கேட்டோம் என்று ராசாத்தி எழுதியிருப்பாள். அதில் சிவப்பு வந்தது என்றும் எழுதியிருப்பாள். எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். இன்னொரு பொட்டலத்திலும் சிவப்புதான்.

நான் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டுமா என்ன? சின்ன வயசிலிருந்து பூவிலேயே கிடக்கிற கை இது. நந்தியாவட்டை என்றால் இலைக்குள் மெத்தென்று அமுங்கும். அரளி மொட்டு நீளநீளமாகத் தட்டுப்படும். பஸ் ஏறி உட்கார்ந்ததும் தற்செயலாக விரலால் அழுத்தினேன், தெரிந்துவிட்டது. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தேன். பக்கத்தில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உதடு காய்ந்து போயிருக்கிறது. கோபம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வந்தது. டோல்கேட் வருவதற்குள் போய்விட்டது.

உண்மையைச் சொல்லட்டுமா? ஆத்தா சொல்வாள் என்று நான் போகவில்லை. வெள்ளை வரட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். டெஸ்டுக்குப் போகாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதே நேரத்தில் இவள் என்ன செய்திருக்கிறாள் பார். நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை, இந்த மனுஷன் இருக்க வேண்டும் என்று அந்த நாரை முடிந்திருக்கிறாள். அவள் அவ்வளவு செய்த பிறகு நான் புளியமரத்தில் ஏறி உட்கார முடியுமா? அந்தப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டேன், டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன்.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் கூசிப் போவாள். ஆனால் ஒன்று அக்கா, அன்றையிலிருந்து அவள் தலையில் பூ இல்லை. கடை நிறைய மல்லி இருக்கிறது, அவள் தலைவலி என்கிறாள். நானும் நம்பின மாதிரி இருக்கிறேன். இதற்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

உன் தம்பி
பிச்சமுத்து


ஸ்ரீரங்கம்
24.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பதில் வந்துவிட்டது.

இருக்கிறது அண்ணி. அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை, நீங்களே புரிந்துகொள்ளுங்கள். ஆனால் சின்னது. சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை, எலும்பில் எதுவும் இல்லை என்று அடுத்த ஸ்கேனிலும் பார்த்துவிட்டார்கள். "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா வேற மாதிரி பேசிட்டிருப்போம்" என்றார் டாக்டர். ஆபரேஷனும் பண்ணலாம், கதிர்வீச்சு, அதுதான் கரன்ட், வைத்தும் சரி பண்ணலாம் என்று இரண்டையும் விளக்கினார். இவர் யோசிக்கவே இல்லை. "ஆபரேஷன் பண்ணிடுங்க. ஏகாதசி முடிஞ்ச கையோட தேதி போடுங்க" என்று சொல்லிவிட்டார். தடுப்பூசிக்கு மரம் ஏறின ஆளா இது என்று நான் ஆச்சரியமாகப் பார்த்தேன். எவ்வளவு தைரியம் வந்துவிட்டது அவருக்கு! எல்லாம் ஆத்தா சொன்னாள் என்கிற நம்பிக்கை.

அதுதான் அண்ணி எனக்குத் தாங்கவில்லை. அவர் எந்த வார்த்தையை நம்பி இவ்வளவு தைரியமாக நடக்கிறாரோ, அந்த வார்த்தை நான் கட்டினது. கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்கவே பயமாக இருக்கிறது. இன்னும் பூ வைக்கவில்லை, திட்டாதீர்கள்.

உங்கள்
ராசாத்தி


வையம்பட்டி
2.1.2025

தம்பி பிச்சமுத்துவுக்கு,

ஆபரேஷனுக்கு நானும் மாமாவும் வருகிறோம். தேதியை ஒரு கார்டில் எழுதிப் போடு.

ரகசியம் காப்பாற்றச் சொன்னாய், காப்பாற்றுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் அப்பா முனகாமல் இருந்தார். நீ கண்டும் காணாமல் இருக்கிறாய். இரண்டுக்கும் என்னடா பெரிய வித்தியாசம்? ராசாத்தி தலையில் பூ இல்லாதது வையம்பட்டியில் இருக்கிற எனக்கே உறுத்துகிறது. பூ விற்கிறவன் நீ. எப்படிச் சொல்வது என்று உனக்குத்தான் தெரியும். வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அக்கா
மலர்க்கொடி


ஸ்ரீரங்கம்
13.3.2025

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

நாங்கள் நல்லா இருக்கிறோம். இந்த முறை யோசிக்காமல் எழுதுகிறேன். ஆபரேஷன் சமயத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தது என் கூடப் பிறந்தவர்கள் இருந்த மாதிரி இருந்தது. அவர் தேறிவிட்டார். இருமினால் கொஞ்சம் நீர் கசிகிறது, போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார். கூடை தூக்க மட்டும் இன்னும் நான் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல். வருஷா வருஷம் கடையிலிருந்து கூடை கூடையாகக் கொண்டு போய்ச் சொரிகிறவர், இந்த வருஷம் ஒரு கூடை, அதுவும் என் தலையில். நான் வரவில்லை என்றேன். "நீ வராம எப்படி?" என்று இழுத்துக்கொண்டு போனார். என்ன கூட்டம் அண்ணி! முன்னால் மேளம், பின்னால் தள்ளு, எங்கே திரும்பினாலும் பூ வாசனை. கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். இவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு இலைப் பொட்டலம் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடு" என்றார்.

"என்னங்க இது, இத்தனை கூட்டத்துல?"

"எடுடி."

கண்ணை மூடினேன். ஒன்றை எடுத்தேன். நீளநீளமாகத் தட்டுப்பட்டது. அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தொட்டேன். அதுவும் நீளம். கண்ணைத் திறக்காமலே, "பிரிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பிரிக்கணும்? உன் கைக்குத் தெரியல?" என்றார்.

"அன்னிக்கு... பஸ்ஸுல..."

"டோல்கேட் வர்றதுக்கு முன்னாடியே."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் அண்ணி. யாரோ மயக்கம் என்று தண்ணீர் கொண்டு வந்தார்கள். இவர் குனிய முடியாமல் குனிந்து, என் காதோரம் சொன்னார், "ஆத்தாகிட்ட அந்தப் பாலத்துலயே சொல்லிட்டேன். கோவம்னா என் மேல காட்டு, இவ மேல காட்டாதேன்னு. காட்டல பாத்தியா. எந்திரி."

எழுந்தேன். கூடையில் இருந்த ஆத்தா பூவிலிருந்து அவர் எடுக்கவில்லை. எனக்கென்று தனியாக ஒரு முழம் மல்லி மடித்துக் கொண்டு வந்திருந்தார். தலையில் வைத்துக்கொண்டுதான் சன்னிதிக்குப் போனேன். நாலு மாதத்துக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தேன். அவள் முகமே தெரியவில்லை, அவ்வளவு பூ.

இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன புத்தி எனக்கு!

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு இது முன்னாலேயே தெரியும், இல்லையா?

உங்கள்
ராசாத்தி


வையம்பட்டி
20.3.2025

அன்பு ராசாத்திக்கும் பிச்சமுத்துவுக்கும்,

இரண்டு பேருக்கும் ஒரே கடிதமாக எழுதுகிறேன். இனிமேல் தனித்தனியாக எழுத எனக்குக் கை வலிக்கிறது.

தெரியுமா என்றால் தெரியும். இரண்டு பேருமே என்னிடம்தான் வந்து சொல்கிறீர்கள். காது கேட்காதவளிடம் சொன்னால் வெளியே போகாது என்று நினைப்பு. போகவும் இல்லையே. ஆனால் பொட்டலத்தை ராசாத்தி கையிலேயே கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்ன யோசனை என்னுடையது இல்லை. அது அவனுக்கே தோன்றியது. என் தம்பியைப் பற்றி ஊரில் நாலு பேரிடம் பெருமை பேச ஆசையாக இருக்கிறது. எதைச் சொல்லிப் பேசுவது என்றுதான் புரியவில்லை, விஷயம் அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது.

அடுத்த ரத்த டெஸ்ட் ஏப்ரலில் என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பூக் கேட்க வேண்டாம், நேராக பஸ் ஏறுங்கள். இளவேனில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது சொல்லுங்கள், வருகிறேன். மெஷினை மாட்டிக்கொண்டு வருகிறேன், அந்தப் பெயரையாவது காதால் கேட்க வேண்டும்.

நேற்று அப்பாவின் அரளித் தோட்டம் இருந்த பக்கம் போனேன். இப்போது அங்கே மக்காச்சோளம். அந்த வரப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். அவருக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தோம், தோட்டம் நிறையச் செவ்வரளி இருந்தது. அதை இரண்டு பொட்டலத்திலும் வைத்துக் கட்டத்தான் ஒரு ராசாத்தி இல்லை.

அன்புடன்
மலர்க்கொடி